வால்வை மூடினால் கேஜ் ஏறும். ரத்தக் குழாயும் அப்படித்தான்!

'பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். உட்கார்ந்து களை எடுத்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. வெயில் காலம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிடலாமா?' என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நிறுத்தக் கூடாது, அம்மா. ஏன் என்பதைச் சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

எல்லா வால்வுகளையும் திறந்துவிட்டால் பிரஷர் கேஜில் முள் இறங்கும். இரண்டை மூடினால், அதே மோட்டாருக்கு முள் ஏறும். உடம்பில் மோட்டார் இதயம். வால்வு வேலையைச் செய்பவை சிறிய ரத்தக் குழாய்கள். அவற்றின் சுவரில் உள்ள தசை இறுகினால் குழாய் குறுகி அழுத்தம் ஏறும். தளர்ந்தால் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும். குழாயின் விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, ரத்த ஓட்டத்துக்கான தடை சுமார் ஒன்றரை மடங்காகிவிடும்.

வெயிலில் உடம்புச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கு அடியில் உள்ள குழாய்கள் விரிகின்றன. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. அந்த நேரத்தில் சட்டென்று எழுந்தால் ரத்தம் கால் பக்கம் இறங்கும். வழக்கமாகக் குழாய்கள் சில நொடிகளில் சுருங்கி அழுத்தத்தைப் பிடித்துவிடும். வயதானவர்களுக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் இது தாமதமாகும். மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும். அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் குழாயை விரிப்பவை. வேறு சில, உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுபவை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். பெரும்பாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் தெரியவரும். அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தும் நின்றும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் சொல்லலாம்.

வயலில் செய்ய வேண்டியவை:

• எழுவதற்கு முன் பாதங்களைப் பத்துப் பதினைந்து முறை அசைத்து, மண்டியிட்டு, பிறகு மெதுவாக நிமிருங்கள். கண் இருட்டினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள். கிணற்றோரமாகவோ வரப்பிலோ நிற்க வேண்டாம்.

• தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• களையெடுப்பைக் காலையிலேயே முடியுங்கள். உச்சி வெயிலில் நிழலில் இருங்கள்.

மார்கழிப் பனியில் கதை தலைகீழ். குளிரில் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் ஏறும். பீடிப் புகையும் குழாயைச் சுருக்கும். விடியற்காலையில் மடை திறக்கப் போகிறவர்கள் காதையும் மார்பையும் மூடிக்கொண்டு போங்கள். குளிருக்கு இதமாக என்று பீடி பற்றவைக்காதீர்கள். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயையும் குறையுங்கள்.

வேளாண் அலுவலராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து தெளிக்கும்போதோ தெளித்த பிறகோ தலைசுற்றலுடன் வாந்தி, எச்சில் ஊறல், பார்வை மங்கல் இருந்தால் 'பிரஷர்தான்' என்று படுத்துவிடாதீர்கள். அது மருந்தின் நஞ்சாக இருக்கலாம். வயலைவிட்டு வெளியே வந்து, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, 108-ஐ அழையுங்கள். மருந்து டப்பாவை லேபிளுடன் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முறிவு மருந்தை உடனே கொடுக்க முடியும்.