உழைத்த உடம்புக்கு நிறமுள்ள சாப்பாடு

ஸ்ரீராம்புரம் உடலுழைப்பை நம்பி வளர்ந்த பகுதி. ராஜா மில், மினர்வா மில், பின்னி மில் என்று பெங்களூரில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில், வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே குடியேறின. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று மந்திரி மால் நிற்கிறது. 2014இல் ஸ்ரீராம்புரத்துக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. ஆனால் உடம்பை வைத்துப் பிழைப்பவர்கள் குறைந்துவிடவில்லை. மூட்டை தூக்குபவர்கள், கார்மென்ட்ஸில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் பெண்கள், விடிவதற்கு முன் தெருக்கூட்ட வரும் தூய்மைப் பணியாளர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மாலையில் ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளும், நகரத்தின் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் நடுத்தர வயதுக்காரர்களும் இப்போது இவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான். களைத்த உடம்பு மறுநாளைக்குள் எப்படித் தேறும்? ஜிம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு பவுடர் டப்பா, கூடவே வைட்டமின் மாத்திரை. உழைப்பாளிகளிடம் இதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை. நிறையச் சோறும் கொஞ்சம் குழம்பும், வலித்தால் ஒரு மாத்திரையும் என்று அவர்கள் காலம் ஓடுகிறது. இரு தரப்புக்கும் தேவையானது தெருமுனைத் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது: கீரை, பீட்ரூட், தக்காளி, பறங்கிக்காய், பப்பாளி, திராட்சை.

வலி எங்கிருந்து வருகிறது

பழக்கமில்லாத பளுவைத் தூக்கினாலோ, இறக்கத்தில் வெகுதூரம் ஓடினாலோ தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாகிறது. உடல் உடனே பழுதுபார்க்கத் தொடங்குகிறது. எதிர்ப்பு அணுக்கள் அங்கே குவிகின்றன, லேசான வீக்கம் வருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் ஆனபின் வலி உச்சத்துக்குப் போய், அதன்பின் சில நாட்களில் மெல்லத் தணிகிறது. இந்த வேலை நடக்கும்போது ‘ஃப்ரீ ரேடிக்கல்’ எனப்படும் துடிப்பு மிகுந்த மூலக்கூறுகள் ஏராளமாக உருவாகின்றன. அவை அளவு மீறினால் நல்ல செல்களையும் தாக்கும்.

காய் கனிகளின் நிறம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. தக்காளியின் சிவப்பு, கேரட்டின் ஆரஞ்சு, நாவல்பழத்தின் ஊதா எல்லாம் செடி தன்னை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காத்துக்கொள்ளச் செய்துவைத்த வேதிப்பொருள்கள். நாம் அவற்றைச் சாப்பிடும்போது நம் உடலின் காவலுக்கும் அவை துணைநிற்கின்றன.

மாத்திரை ஏன் ஈடாகாது

அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாகவே விழுங்கிவிடலாமே என்று தோன்றும். 2009இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று இதற்கு நல்ல பதில் சொன்னது. இளைஞர்கள் நான்கு வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ தரப்பட்டது. மாத்திரை எடுக்காதவர்களின் உடலில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. எடுத்தவர்களுக்கோ உடற்பயிற்சியின் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

காரணம் இதுதான். ஃப்ரீ ரேடிக்கல்கள் வெறும் எதிரிகள் அல்ல. “இந்தத் தசைக்கு வேலை கூடியிருக்கிறது, இதைப் பலப்படுத்து” என்று உடலுக்குச் செய்தி சொல்பவையும் அவைதான். பெரிய அளவில் மாத்திரை விழுங்கினால் அந்தச் செய்தியே அமுங்கிவிடுகிறது. ஒரு தட்டுக் கீரையிலோ இரண்டு கொய்யாவிலோ அந்த ஆபத்து இல்லை. அளவு மிதமானது, பலவகைச் சத்துகள் கலந்து வருகின்றன, நார்ச்சத்தும் கூட வருகிறது. மருத்துவர் குறைபாடு கண்டு எழுதித்தரும் மாத்திரையை நான் சொல்லவில்லை. அதை நிறுத்தக் கூடாது. ஜிம் வாசலில் யாரோ சொன்னார்கள் என்று வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

பீட்ரூட்டும் தக்காளியும்

உடற்பயிற்சி ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அதிகம் பேசும் காய் பீட்ரூட். அதிலுள்ள நைட்ரேட்டை வாயில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடலில் அது நைட்ரிக் ஆக்சைடு ஆகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. 2009இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் எட்டு ஆண்களுக்கு ஆறு நாட்கள், நாளுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். கடும் பயிற்சியில் சோர்ந்துவிழும் வரை அவர்கள் தாங்கிய நேரம் 16 சதவீதம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் பின்னர் வந்த பல ஆய்வுகளும் பீட்ரூட்டின் பக்கமே பேசின. பாக்டீரியாவைக் கொல்லும் மவுத்வாஷால் வாய் கொப்பளிக்கிறவர்களுக்கு இந்தப் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், பச்சையாகச் சாப்பிடுவதைவிட எண்ணெய் விட்டு வதக்கினால்தான் உடலில் நன்றாகச் சேரும். நம் வீட்டுத் தொக்கு அந்த வகையில் சரியான சமையல். கேரட், பறங்கிக்காய், பப்பாளியின் ஆரஞ்சு நிறத்துக்கும் இதே விதி பொருந்தும். கொஞ்சம் கொழுப்பு வேண்டும். தேங்காய்த் துருவலோ ஒரு கரண்டி எண்ணெயோ போதும். எண்ணெயே கூடாதென்று வெறும் காய் மட்டும் தின்பவர்கள் அந்தச் சத்தில் பெரும்பகுதியை இழக்கிறார்கள்.

கீரையும் வடித்த தண்ணீரும்

பெங்களூருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் கன்னட அடுக்களையிலிருந்து கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து, தண்ணீரை வடித்து, அந்தத் தண்ணீரிலேயே மிளகாய், பூண்டு, தேங்காய் அரைத்துவிட்டுச் சாறு கொதிக்க வைப்பார்கள். வடித்த கீரையும் பருப்பும் தாளித்துப் பல்யா ஆகும். ஃபோலேட்டும் பொட்டாசியமும் நீரில் கரைபவை; கீரை வெந்த தண்ணீரைக் கொட்டினால் அவற்றில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. பஸ்ஸாருவில் ஒரு சொட்டும் வீணாவதில்லை. கூடவே ராகி களி இருந்தால் மாவுச்சத்து, புரதம், சுண்ணாம்புச்சத்து எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும்.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று சொல்கிறது. “மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது” என்று சொல்லும் பெண்ணுக்குத் தேவைப்படுவது முதலில் இரும்புச்சத்தாக இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கீரையின் இரும்புச்சத்து எளிதில் உடலில் சேராது. எலுமிச்சை பிழிந்துகொண்டால், அல்லது ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்துச் சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் சேருவதும் குறைந்துவிடும். பெங்களூரில் காபியை விடச் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஊதா நம்ம ஊர் நிறம்

தசை வலி தணிவதைப் பற்றிய மேலைநாட்டு ஆய்வுகளில் புளிப்புச் செர்ரிச் சாறு அடிக்கடி வரும். அதன் கருஞ்சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் குடும்பம் நம் பக்கத்திலும் தாராளமாக உண்டு. பெங்களூர், சிக்கபள்ளாப்பூர், கோலார் வட்டாரத்தில் விளையும் பெங்களூர் நீலத் திராட்சைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நிறம் முழுக்கத் தோலில் இருப்பதால் தோலைத் துப்பாமல் தின்ன வேண்டும். வடிகட்டிச் சர்க்கரை போட்ட சாற்றில் பாதிப் பலன் போய்விடும். ஜூன் மாதத்து நாவல்பழம், கத்தரிக்காய்த் தோல், சிவந்த வெங்காயம் எல்லாம் இதே அணி. ராகியின் செந்நிறமும் அதன் மேல்தோலில்தான் இருக்கிறது. மாவை நைசாகச் சலித்தெடுக்காதீர்கள்.

மஞ்சளும் மிளகும்

மஞ்சளிலுள்ள குர்குமின் உடலில் மிகக் குறைவாகவே சேரும். மிளகின் காரப்பொருளான பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தால் அது 20 மடங்கு கூடுகிறது என்று உலகுக்குச் சொன்ன ஆய்வு, 1998இல் நம் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தது. அதில் தரப்பட்டது 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கணக்குப் போட்டால் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். யாரும் அப்படிச் சாப்பிட முடியாது. ஆகவே மிளகும் மஞ்சளும் சேர்ந்த ரசத்தை நல்ல உணவாகக் குடியுங்கள். மூட்டுவலிக்கு மருந்தென்று நம்பி மருத்துவரிடம் போகாமல் இருக்காதீர்கள்.

பயிற்சி முடிந்ததும் என்ன சாப்பிடலாம்

ராமநவமி நாளில் பெங்களூர்த் தெருக்களில் பந்தல் போட்டு மூன்று பொருள் கொடுப்பார்கள்: வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் கரைத்த பானகம், உப்பிட்ட நீர்மோர், ஊறிய பாசிப்பருப்பில் வெள்ளரிக்காய், கேரட், தேங்காய், எலுமிச்சை சேர்த்த கோசம்பரி. வியர்த்த உடம்புக்கு வேண்டியவை தண்ணீர், உப்பு, சீக்கிரம் சேரும் சர்க்கரை, புரதம். நான்கும் அந்தப் பந்தலில் இருக்கின்றன. ஆண்டுக்கொரு நாள் மட்டும் இதைச் சாப்பிடுவது போதாது. ஓடிவிட்டு வந்த எந்த நாளுக்கும் ஏற்ற உணவு இது. காய்களை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவிவிட்டு நறுக்குங்கள்.

நிறம் எவ்வளவு இருந்தாலும் புரதம் இல்லாமல் தசை கட்டாது. கோசம்பரியோடு நிறுத்தாமல், அடுத்த வேளைச் சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று வசதிக்கேற்பச் சேருங்கள். மார்கழி, தை மாதங்களில் பிதுக்கம்பருப்புக் குழம்பு இருக்கவே இருக்கிறது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாளுக்கு 400 கிராம் கீரை, காய்கறியும் 100 கிராம் பழமும், 85 கிராம் பருப்பு வகையும் சொல்லப்பட்டிருக்கின்றன. உடம்பை ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கும்படியும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது; பல பவுடர்களில் சேர்த்த சர்க்கரையும் இனிப்பூட்டிகளும் செயற்கை மணமும் இருக்கின்றன.

கவனிக்க வேண்டியவர்கள்

சிறுநீரக நோயாளிகள் பொட்டாசியம் மிகுந்த கீரை, பழங்களை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட்டிலும் பாலக்கிலும் உள்ள ஆக்சலேட் ஆகாது. வார்ஃபாரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பானகத்தைத் தவிர்த்து நீர்மோர் குடிக்கலாம். பழத்தைச் சாறாக்காமல் அளவோடு கடித்துத் தின்னலாம்.

ஜிம் பயிற்சியாளர்களுக்கும் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளில் உணவகம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களை நம்பி வருகிறவர்களின் தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, தினம் ஒரு கீரையும் வேறு நிறத்தில் ஒரு காயும் வைக்கச் சொல்லுங்கள். டப்பா வாங்கக் காசு எடுத்து வைத்திருக்கும் பிள்ளைகளே, அந்தக் காசை அடுத்த மாதம் காய்கறிக்கும் பழத்துக்கும் முட்டைக்கும் செலவழியுங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்தே சாப்பிடலாம்.