முதியோருக்கு மருத்துவமனையில் ஏற்படும் திடீர் மனக்குழப்பம்

டெலிரியம் என்பது நோயின்போதோ அறுவை சிகிச்சைக்குப் பின்னரோ சில மணி நேரத்தில் அல்லது ஓரிரு நாட்களில் தோன்றும் கடுமையான மனக்குழப்பம் ஆகும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய மூதாட்டி இன்று மகனை யாரென்று கேட்கலாம். கையில் ஏற்றிய குளுக்கோஸ் குழாயைப் பிடுங்கலாம். வேறு சிலர் சத்தமின்றிச் சோர்ந்து கிடப்பர். தொந்தரவு தராத இவர்களின் நிலையே பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. இதை வயதின் தளர்ச்சி என்றோ மறதிநோய் என்றோ விட்டுவிடுவது தவறு. மறதிநோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது. டெலிரியம் திடீரென வந்து, ஒரே நாளுக்குள் கூடியும் குறைந்தும் காணப்படும்.

நோய் மட்டுமே இதற்குக் காரணம் அன்று. மருத்துவமனையில் நடத்தப்படும் விதமும் காரணமாகிறது. மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் பைக்குள் போய்விடும். நள்ளிரவில் ரத்த அழுத்தம் பார்க்க எழுப்புவார்கள். விழுந்துவிடுவார் என்ற பயத்தில் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஷாரன் இனோயே குழுவினர் இவற்றையே சரிசெய்து பார்த்தனர். ‘ஹெல்ப்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அத்திட்டத்தில் புதிய மருந்து எதுவும் இல்லை. நாளின் நிகழ்ச்சிகளையும் கவனிப்போர் பெயர்களையும் பலகையில் எழுதி வைத்தனர். பேச்சுக் கொடுத்தனர், தண்ணீர் குடிக்க வைத்தனர், முடிந்தவர்களை நாளைக்கு மூன்று முறை நடக்க வைத்தனர். காதில் அடைத்த அழுக்கை அகற்றினர். தூக்க மாத்திரைக்குப் பதில் இரவில் சூடான பால், மெல்லிய இசை, முதுகு நீவிவிடுதல். தூக்கம் கெடாதிருக்க மாத்திரை பொடிக்கும் கருவியைக்கூடச் சத்தமில்லாததாக மாற்றினர்! இவற்றுள் பல வேலைகளைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள்.

70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வின் முடிவு 1999இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கு டெலிரியம் வந்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 சதவீதத்தினருக்கே வந்தது. பின்னர் வேறு நாடுகளின் மருத்துவமனைகளும் இம்முறையைப் பின்பற்றின.

ஆனால், ஏற்கெனவே குழப்பம் வந்துவிட்டவர்களுக்கு அதன் கடுமையை இத்திட்டத்தால் குறைக்க இயலவில்லை. எனவே கண்ணாடி, காதுக்கருவி, பல்செட் ஆகியவை நோயாளியைச் சேர்க்கும் அன்றே அவருடன் போக வேண்டியவை.