நெஞ்சில் தைத்த நான்கு நட்சத்திரங்கள்



உங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மகன் ஓட்டப் போட்டியில் வென்ற பதக்கம் இருக்கும். மகள் கிராஅத் போட்டியில் பெற்ற கிண்ணம் இருக்கும். அவற்றைத் தூசு தட்டித் துடைத்து வைப்பவர் நீங்கள்தான். அந்தப் பதக்கத்துக்காக எத்தனை நாள் சுபஹுக்கு முன்பே எழுந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தீர்கள் என்பது அலுமாரியைப் பார்க்கும் விருந்தாளிக்குத் தெரியாது.

இம்முறை நான் உங்களுக்குச் சொல்லப் போவதும் பதக்கங்களின் கதைதான். ஒரு கடற்படை அதிகாரி தன் வாழ்நாளில் ஒவ்வொன்றாகச் சேர்த்த விருதுகளின் கதை. அவற்றுக்காக அவர் கொடுத்த விலையும், அவர் வீட்டுப் பெண்கள் கொடுத்த விலையும் இதில் உண்டு.

ஹொரேஷியோ நெல்சன் என்ற பெயரைப் பாடசாலைச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இலண்டன் மாநகரில் மிக உயர்ந்த தூண் ஒன்றின் உச்சியில் சிலையாக நிற்பவர். 1805 ஒக்டோபர் 21ஆம் திகதி டிரபல்கர் கடற்சண்டையில் உயிர்விட்ட பிரித்தானிய வைஸ் அட்மிரல். அன்று அவரது மேலங்கியில் தைக்கப்பட்டிருந்த நான்கு நட்சத்திரங்களில் ஒன்று துருக்கியின் உதுமானிய சுல்தான் கொடுத்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

நெல்சன் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையல்லர். 1758இல் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் ஒரு கிராமப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பன்னிரண்டு வயதில், கப்பல் தலைவராக இருந்த தாய்மாமனுடன் கடலுக்குப் போய்விட்டார். 1787இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான நேவிஸில் பிரான்சிஸ் நிஸ்பெட் என்ற இளம் விதவையை மணந்தார். அப்பெண்ணுக்கு முதல் திருமணத்தில் ஜொசாயா என்றொரு மகன். இந்தப் பையனை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருமணமான பின் ஐந்து வருடங்கள் நெல்சனுக்குக் கப்பலே கிடைக்கவில்லை. அரைச் சம்பளத்தில் தந்தையின் வீட்டில் காலம் கழிந்தது. 1793இல் பிரான்ஸுடன் யுத்தம் மூண்ட பிறகே மீண்டும் அழைப்பு வந்தது. அடுத்த ஆண்டு கோர்சிகாத் தீவில் கல்வி என்ற கோட்டையை முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு விழுந்து தெறித்த கல்லும் மண்ணும் முகத்தில் அடித்து, வலது கண் பார்வை போயிற்று. அதற்குப் பதக்கம் ஏதும் கிடைக்கவில்லை.

முதல் நட்சத்திரம் 1797இல் வந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி சென்ற் வின்சென்ட் முனைக்கு அருகே 15 பிரித்தானியக் கப்பல்கள் 27 ஸ்பானியக் கப்பல்களை எதிர்த்தன. நெல்சன் தன் கப்பலை வரிசையிலிருந்து திருப்பி எதிரிகளின் நடுவே கொண்டு போனார். ஒரு ஸ்பானியக் கப்பலில் ஏறிப் பிடித்து, அதன் மேலாகவே அடுத்த கப்பலுக்கும் தாவி அதையும் பிடித்தார். பரம்பரைப் பட்டம் ஒன்று தரலாம் என்ற பேச்சு அடிபட்டபோது, அந்தப் பட்டத்துக்கு ஏற்ற வசதி தன்னிடம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அவர் விரும்பியது ‘பாத்’ வீரப்பட்டம். சிவப்புப் பட்டுப் பட்டியும் மார்பில் அணியும் வெள்ளி நட்சத்திரமும் அதற்கு உண்டு. பார்ப்பவர் கண்ணில் படக்கூடிய விருது. தான் செய்ததை நாலு பேர் அறிய வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. அவர் அதை மறைத்ததும் இல்லை. பட்டம் கிடைத்தது. கூடவே மன்னரின் பெரிய தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால் அந்த நட்சத்திரத்தை மன்னர் கையால் பெறும் முன்பே இன்னொரு இழப்பு. அதே ஆண்டு ஜூலையில் டெனரீப் தீவில் இரவுத் தாக்குதல். படகிலிருந்து கரையில் கால் வைத்த கணத்தில் துப்பாக்கிக் குண்டு வலது கையைச் சிதைத்தது. அருகில் நின்ற ஜொசாயா இரத்தம் பீறிட்ட இடத்துக்கு மேலே கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டினான். இல்லாவிட்டால் நெல்சனின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவரை அன்று பிழைக்க வைத்தது மனைவியின் மகன்.

கப்பலில் வைத்தே கையை வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். ஊருக்கு வந்த பின்னும் மாதக்கணக்கில் புண் ஆறவில்லை. இரத்தக் குழாயைக் கட்டிய நூல் உள்ளேயே சிக்கிக்கொண்டு வேதனை கொடுத்தது. பிரான்சிஸ் காயத்துக்கு மருந்து கட்டப் பழகிக்கொண்டு, தன் கையாலேயே தினமும் பராமரித்தார். அந்த நிலையில்தான், செப்டம்பர் 27ஆம் திகதி, ஒற்றைக் கையோடு அரண்மனைக்குப் போய் நட்சத்திரத்தைப் பெற்றார் நெல்சன். அலுமாரிக்கு வெளியே நிற்கும் கதை என்றேனே, அது இதுதான்.

சுல்தான் அனுப்பிய வைரம்

1798இல் நெப்போலியன் எகிப்தில் படையோடு இறங்கினான். எகிப்து அப்போது உதுமானிய ஆட்சிக்கு உட்பட்ட நாடு. அதே ஆண்டு ஒக்டோபரில் கெய்ரோ மக்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரெஞ்சுப் படையினர் குதிரைகளோடு அல்-அஸ்ஹர் பள்ளிவாசலுக்குள் புகுந்தார்கள் என்றால், அந்த ஆக்கிரமிப்பு எப்படிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நெப்போலியனின் கப்பற்படை அலெக்ஸாந்திரியாவுக்குக் கிழக்கே அபூகீர் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதி மாலையில் நெல்சன் அதைத் தாக்கினார். 13 பெரிய போர்க்கப்பல்களில் 11 பிடிபட்டன, அல்லது அழிந்தன. இரண்டுதான் தப்பின. இரவு பத்து மணியளவில் பிரெஞ்சுத் தலைமைக் கப்பல் வெடித்துச் சிதறியது. நெல்சனுக்கும் நெற்றியில் காயம். தோல் கிழிந்து கண்ணை மூடித் தொங்கியது.

ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். நெல்சன் முஸ்லிம்களுக்காகப் போராடியவரல்லர். இந்தியாவுக்குப் போகும் வழி பிரான்ஸின் கைக்குப் போய்விடக்கூடாது என்பதே பிரித்தானியாவின் கவலை. என்றாலும் இஸ்தான்புலில் சுல்தான் மூன்றாம் செலிம் மகிழ்ந்ததில் வியப்பில்லை. அவர் நெல்சனுக்கு ‘செலெங்க்’ என்ற வைர ஆபரணத்தை அனுப்பினார். தலைப்பாகையில் செருகும் இறகுக் கொத்து வடிவம். வீரம் காட்டிய தளபதிகளுக்கு உதுமானியர் வழங்கி வந்தது. 300க்கும் அதிகமான வைரங்கள். 13 பிரெஞ்சுக் கப்பல்களுக்கு அடையாளமாக 13 கதிர்கள். நடுவில் இருந்த வைரப் பூ, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல முறுக்கிவிட்டால் மெல்லச் சுழலும்! கூடவே விலையுயர்ந்த மென்மயிர் அங்கியும் வந்தது.

சுல்தானின் தாயார் மிஹ்ரிஷாஹ் வாலிதா சுல்தானும் தன் பங்குக்கு வைரம் பதித்த பரிசு ஒன்றை அனுப்பினார். இந்த அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அபூ அய்யூப் அல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய இஸ்தான்புலின் ஐயூப் பகுதியில் ஏழைகளுக்காக அவர் கட்டிய தர்ம சமையற்கூடத்திலிருந்து இன்றும் உணவு வழங்கப்படுகிறது. அவர் நெல்சனுக்குக் கொடுத்த வைரத்தைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை.

அடுத்த ஆண்டு, 1799இல், முஸ்லிமல்லாதவர்களுக்கு வழங்குவதற்கென்றே ‘பிறை’ என்ற புதிய வீரப்பட்டத்தை சுல்தான் ஏற்படுத்தினார். அதை முதலில் பெற்றவர் நெல்சன். இது இரண்டாவது நட்சத்திரம். நேப்பிள்ஸ் மன்னர் ஒன்று கொடுத்தார். ஜெர்மன் நாட்டுப் பட்டம் ஒன்றும் வந்தது. ஆக நான்கு.

நெல்சன் அந்த வைர இறகைத் தன் தொப்பியில் குத்திக்கொண்டு ஊர்வலம் வந்தார். கண்டவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். போர்வீரனா, மேடை நடிகனா என்ற தோரணையில் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர்களும் உண்டு. எனக்கு அவர் மீது அவ்வளவு கோபம் வரவில்லை. ஒரு கண்ணும் ஒரு கையும் போன மனிதர், பதிலுக்குக் கிடைத்ததை அணிந்துகொண்டார்.

நைல் சண்டையில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. அரசாங்கம் அட்மிரலுக்கும் கப்டன்மாருக்கும் மட்டும் தங்கப் பதக்கம் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டது. நெல்சனின் நண்பரும் முகவருமான அலெக்ஸாண்டர் டேவிசன் ஏறக்குறைய 2,000 பவுண் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, சண்டையில் நின்ற ஒவ்வொருவருக்கும் பதக்கம் அடிப்பித்தார். உயர் அதிகாரிகளுக்குத் தங்கம், இளம் அதிகாரிகளுக்கு வெள்ளி, கயிறு இழுத்த சாதாரண மாலுமிக்கு வெண்கலம். நெல்சனும் தன் ஆட்களை மறந்தவரல்லர். 1801இல் கோபன்ஹேகன் சண்டையில் வென்றபோது, டென்மார்க்குடன் முறையாக யுத்தம் பிரகடனம் செய்யப்படாத நிலைமை காரணமாக, அரசாங்கம் பதக்கமே வெளியிடவில்லை. தன் வீரர்களுக்கு அது அநீதி என்று மந்திரிமாருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். 1848இல்தான், அதுவும் உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு மட்டும், அது கிடைத்தது.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். புகழோடு நேப்பிள்ஸில் தங்கியிருந்த காலத்தில், அங்கிருந்த பிரித்தானியத் தூதுவரின் மனைவி எம்மா ஹமில்டனுடன் நெல்சனுக்கு உறவு ஏற்பட்டது. 1801 ஜனவரியில் ஹொரேஷியா என்ற மகள் பிறந்தாள். பிரான்சிஸைக் கைவிட்டார் நெல்சன். அந்த ஆண்டு டிசம்பரில், திரும்பி வந்து சேர்ந்து வாழும்படி மன்றாடி மனைவி எழுதிய கடிதம், தவறுதலாகத் திறக்கப்பட்டது, வாசிக்கப்படவில்லை என்ற குறிப்போடு திருப்பி அனுப்பப்பட்டது. டெனரீபின் புண்ணுக்கு மருந்து கட்டிய அதே பெண்ணுக்கு! அவரது வீரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒதுக்கிவிட்டு அவருடைய நட்சத்திரங்களை மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

தோளில் ஒரு துளை

டிரபல்கர் அன்று அவர் வைரத்தையும் தங்கத்தையும் வேண்டுமென்றே அணிந்து சாவைத் தேடிப் போனார் என்றொரு கதை உண்டு. அது உண்மையல்ல. அன்று அவர் போட்டிருந்தது வழமையான பழைய மேலங்கி. அதில் இருந்தவை சரிகை நூலாலும் சின்னஞ்சிறு மினுக்குத் தகடுகளாலும் செய்து தைத்த துணி நட்சத்திரங்கள். ஒவ்வொரு முறையும் குத்திக் கழற்றும் தொல்லை வேண்டாம் என்று அங்கியோடு சேர்த்தே தைத்து வைப்பது அக்கால வழக்கம். என்றாலும் அவை எதிரியின் கண்ணில் படுமே என்று கூட இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். கப்டன் ஹார்டியிடம், இனி அங்கி மாற்ற நேரமில்லை என்று நெல்சன் சொன்னாராம்.

பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் அருகிலிருந்த பிரெஞ்சுக் கப்பலின் பாய்மரத்திலிருந்து வந்த குண்டு இடது தோளில் நுழைந்து முதுகெலும்பில் தங்கியது. அந்தப் புகை மண்டலத்தில் நட்சத்திரத்தைக் குறிபார்த்தா சுட்டார்கள் என்பது இன்றும் விவாதம்தான். கீழே தூக்கிக்கொண்டு போகும்போது, தன் ஆட்கள் கண்டு மனம் தளர்ந்துவிடக்கூடாதென்று கைக்குட்டையால் முகத்தையும் அந்த நட்சத்திரங்களையும் மூடிக்கொண்டார் நெல்சன். தொப்பியில் வைரம் சூடி ஊர்வலம் வந்த மனிதர் தன் விருதுகளை மறைத்தது அந்த ஒரு தடவைதான் போலும். மாலை நாலரை மணிக்கு உயிர் பிரிந்தது.

அன்று காலையில் அவர் தன் மரண சாசனத்தில் ஒரு பின்குறிப்பு எழுதியிருந்தார். எம்மாவையும் குழந்தை ஹொரேஷியாவையும் நாட்டின் பொறுப்பில் விட்டுச் செல்கிறேன் என்பது அதன் சாரம். நாடு என்ன செய்தது? மூன்றாவது தங்கப் பதக்கம் குடும்பத்தாருக்குப் போனது. பாதிரியாராக இருந்த அண்ணன் வில்லியம் பிரபுவானார். அவருக்கும் அவர் வழியில் வருவோருக்கும் ஆண்டுக்கு 5,000 பவுண். அந்தக் கொடுப்பனவை நிறுத்துவதற்குச் சட்டம் வந்தது 1947இல். விதவை பிரான்சிஸுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண். எம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. எம்மா செய்தது சரியென்று நான் சொல்ல வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளை என்ன தவறு செய்தது?

எம்மா கடனில் மூழ்கி 1813இல் சிறைக்குப் போனார். தோளில் துளை விழுந்த அந்த அங்கி அவரிடமிருந்து, அவருக்கு உதவிய ஒரு நகரசபைப் பிரமுகரின் கைக்குப் போயிற்று. 1845இல் விக்டோரியா மகாராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசர் அதை 150 பவுணுக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தார். இன்று கிரினிச் கடற்படை நூதனசாலையில் இருக்கிறது. நான்கு நட்சத்திரங்களும் மங்கிப் போய் அப்படியே இருக்கின்றன.

சுல்தானின் வைர இறகு அப்படித் தங்கவில்லை. குடும்பத்தார் 1895இல் விற்றார்கள். 1929இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி நாட்டுக்காக வாங்கினார்கள். 1951இல் ஓர் இரவு நூதனசாலைக்குள் புகுந்த திருடன் அதைக் கொண்டு போனான். கற்கள் தனித்தனியாகப் பிரித்து விற்கப்பட்டன என்றே தெரிகிறது. 300 வைரங்களும் இப்போது யார் யார் மோதிரத்தில், தோட்டில் இருக்கின்றனவோ!

எம்மா 1815இல் பிரான்ஸில் கலே நகரில் வறுமையில் இறந்தார். தான்தான் தாய் என்று மகளிடம் அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஹொரேஷியா நெல்சனின் சகோதரிமார் வீட்டில் வளர்ந்து, ஒரு பாதிரியாரை மணந்து, பத்துப் பிள்ளைகளைப் பெற்றாள். அவளுடைய மூன்று பெண் பிள்ளைகளுக்கு 1854இல் மகாராணி சிறு உதவித்தொகை கொடுத்தார். அதற்குள் அவளுக்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. 1881இல், எண்பதாவது வயதில் இறந்து, இலண்டனுக்கு அண்மையில் பின்னர் என்ற ஊரில் அடக்கப்பட்டாள். அவளது கல்லறையில் முதலில் நெல்சனின் ‘வளர்ப்பு மகள்’ என்று செதுக்கியிருந்தார்கள். பிறகு அந்த ஒரு சொல்லை அழித்து, ‘அன்பு மகள்’ என்று திருத்தினார்கள்.