நடுவிலிருந்து வரும் குரல்

கல்முனைக் கடற்கரையை அடுத்த நம் வீடுகளில் அலையோசையும் மின்விசிறியின் இரைச்சலும் ஓய்வதில்லை. திரைப்படம் பார்க்கையில் இசை முழங்குகிறது. பேச்சோ மூத்தம்மாவின் செவிக்கு எட்டுவதில்லை. "என்ன சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டு, அவர் எழுந்து போய்விடுகிறார்.

இக்குறையைத் தீர்க்க வல்லது நடு ஒலிபெருக்கி. உரையாடலின் பெரும்பகுதி அதன் வழியே வருகிறது. ஓரத்தில் அமர்ந்தவர்க்கும் பேச்சு திரையிலிருந்தே எழும். 1933-இல் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு இசையை அனுப்பிய பெல் ஆய்வுக்கூடத்தாரும் இடம், நடு, வலம் என மூன்று வழிகளையே கையாண்டனர்.

வாங்குங்கால் இடவல ஒலிபெருக்கிகளின் இனத்திலேயே தேர்தல் நன்று. திரைக்கு நேர் கீழே, அலமாரியின் முன்விளிம்பில் வைத்து, முகப்பை அமர்ந்தோர் செவியை நோக்கிச் சற்றே நிமிர்த்துதல் வேண்டும். பின்னர் அதன் ஒலியை மட்டும் சிறிது கூட்டுக.

மூத்தம்மா மீண்டும் நம்மருகே அமர்ந்து சிரிப்பாராயின், அமைப்பு சரியே.