மிதிவண்டியும் சட்டமும்

மதுரை மாநகரின் நடுவே, மீனாட்சியம்மை திருக்கோயிலைச் சூழ்ந்து, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி எனத் திங்கட்பெயர் பூண்ட வீதிகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவற்றுள் தேர் உலா வரும் மாசி வீதிகளில் இன்று மிதிவண்டியும் மோட்டார் வண்டியும் ஒன்றையொன்று உரசிச் செல்கின்றன. நகரைக் கடந்து வயல்களின் ஊடே செல்லும் சாலைகளிலோ, அந்தி சாய்ந்தபின் வீடு திரும்பும் உழவனின் மிதிவண்டிக்குப் பெரும்பாலும் விளக்கும் இராது.

மேலூர்ச் சாலையில் அத்தகைய ஒருவன் மீது கார் ஒன்று மோதியது எனக் கொள்வோம். “அவன் குடித்திருந்தான், தானே குறுக்கே வந்து விழுந்தான்” என்கிறான் காரோட்டி. அடிபட்டவனோ பேச இயலாது மருத்துவமனையிற் கிடக்கிறான். அவன் குடும்பத்தார் இழப்பீடு பெறுவரா?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் மது கலந்திருக்க வண்டி ஓட்டுதலைக் குற்றம் என்கிறது. ஆனால் அப்பிரிவு மோட்டார் வண்டிகளைப் பற்றியது. காலால் மிதித்துச் செலுத்தும் வண்டியை அது தீண்டாது. அங்ஙனமாயின் மிதிவண்டியோட்டி குடிக்கலாமோ எனின், அதுவும் அன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொதுவழியில் எவ்வகை வண்டியையும் பிறர் உயிருக்கு ஊறு நேருமாறு ஓட்டுவோரைத் தண்டிக்கும். இங்கிலாந்திலோ, மது அருந்திய நிலையிற் சாலையில் மாடு ஓட்டிச் செல்வோனையும் 1872ஆம் ஆண்டுச் சட்டம் விட்டுவைக்கவில்லை!

இழப்பீட்டு வழக்கில் ஆராயப்படுவது வேறு. குடித்தானா என்பது மட்டும் அங்குப் போதாது. மோதலுக்குக் காரணம் யாது என்பதே வினா. சாலையின் இடவோரமாகச் சென்றவனைப் பின்னிருந்து வந்த கார் இடித்திருப்பின், அவன் வாயில் வீசிய மதுவின் நாற்றம் காரோட்டியின் பிழையை மறைத்துவிடாது. மது அருந்தாதவனே எனினும், பின்னே நோக்காது திடீரெனத் திரும்பியிருப்பின் அவனுக்கும் பிழையிற் பங்குண்டு. அப்பங்கு நான்கில் ஒன்று எனத் தீர்ப்பாயம் முடிவு செய்தால், 8 இலட்சம் ரூபாய் இழப்பீடு 6 இலட்சமாகக் குறையும். எவர் பிழை என மெய்ப்பிக்காமலே, உயிரிழப்புக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் கோர 164ஆம் பிரிவு வழி செய்கிறது.

நெளிந்தது முன்சக்கரமா, பின்சக்கரமா? தடை பிடித்த கோடுகள் சாலையில் எங்குத் தொடங்கின? பேச இயலாதவனுக்காக இவை பேசும். ஆயினும் ஒரு மழையிலும், பின்வரும் லாரிகளின் சக்கரங்களிலும் அக்கோடுகள் அழிந்துவிடும். காவலர் காலந்தாழ்த்தாது அளந்து வரைந்த படமே பின்னர்த் தீர்ப்பாயத்தின் முன் நிற்கும்.