பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சமூக வாழ்வு

பெரம்பலூர், அரியலூர் ஆகியவை தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அமைந்துள்ள இரு அண்டை மாவட்டங்கள் ஆகும். 1995 ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001 இல் உருவான அரியலூர் மாவட்டம், 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூரில் 5,65,223 பேரும் அரியலூரில் 7,54,894 பேரும் வாழ்ந்தனர். பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்பவர்கள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியன இங்குப் பயிராகின்றன.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலடியில் இருந்தது. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் படிவுகளைச் சார்ந்தே அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் ஆலைகள் தோன்றின. அவை வேலைவாய்ப்பை அளிக்கின்றன. எனினும் சுரங்கங்களால் சுருங்கும் விளைநிலமும், லாரிகள் எழுப்பும் தூசியும் இம்மக்களின் நீங்காத கவலைகளாக உள்ளன.