காதல் கதைக்குள்ளே ஒரு தேசம்



தொடர்கதைன்னா காதல், கண்ணீர், கடைசியில கல்யாணம், அவ்வளவுதான்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. "கதை படிச்சா பொண்ணு கெட்டுப் போயிடும்"னு எங்க தெருவிலும் சொல்லுவாங்க. ஆனால் சுதந்திரத்துக்கு முன்னாடி வந்த தமிழ்த் தொடர்கதைகள் பெண்களுக்கு வேறு ஒன்றையும் சொல்லிக் கொடுத்தன.

கல்கி எழுதிய 'தியாகபூமி' 1938-39-ல் ஆனந்த விகடனில் வந்தது. கே.சுப்ரமணியம் அதையே 1939-ல் சினிமாவாகவும் எடுத்தார். கதாநாயகி சாவித்திரி. புருஷன் வீட்டில் அவளைக் கொடுமைப்படுத்தி, கர்ப்பமாக இருக்கும்போதே பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அவள் பம்பாய்க்குப் போய், பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். இப்போது புருஷன் "என்னோடு வந்து வாழணும்"னு கோர்ட்டுக்குப் போகிறான். அவளோ, வேணும்னா அவனுக்கு நான் ஜீவனாம்சம் தர்றேன் என்கிறாள்!

இந்த இடத்தை எங்க ஆயாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "புருஷனுக்கா? ஜீவனாம்சமா?"ன்னு கேட்டுக் கேட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஆனால் சாவித்திரி அதோடு விடுதலையாகிவிடவில்லை. விடுதலைப் போராட்டத்தில் சேர்ந்து, அந்த வழியாகத்தான் புருஷனோடும் சேருகிறாள். எனக்கு இது உறுத்துது. தனக்காக வீட்டை விட்டு வந்தவளை ஊர் ஏசும்; நாட்டுக்காக வந்தவளுக்கு மாலை போடும். அதனால் கதை எழுதியவர்கள் நாடு என்ற வாசலைத் திறந்து வைத்தார்கள். வாசல் நல்லதுதான், ஆனா ரொம்பக் குறுகல். (படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. அது தனிக் கதை.)

கதையை விடப் பெரிய கதை, எழுதிய ஒரு பெண்ணுடையது. வை.மு.கோதைநாயகி அம்மாள், 1901-ல் பிறந்தவர், நம்ம சென்னைத் திருவல்லிக்கேணிக்காரர். ஆறு வயசு நிறையறதுக்குள்ளே கல்யாணம். பள்ளிக்கூடமே போனதில்லை. முதலில் எழுதவும் வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தினார். மொத்தம் 115 நாவல்! காந்தியைச் சந்தித்த பிறகு பட்டை விட்டுக் கதர் கட்டினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி எதிர்ப்பு என்று இறங்கி 1932-ல் சிறைக்கும் போனார். அங்கேயும் எழுதினார். அவர் கதாநாயகிகளை விட அவருக்குத்தான் தைரியம் ஜாஸ்தி என்பேன். "பன்னிரண்டாவது முடிச்சா போதும், வரன் பார்க்கலாம்"னு வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான்.

ஐரோப்பாவிலும் இப்படி ஒருவர் உண்டு. குரோஷியாவில் மரியா யூரிச் ஸாகோர்கா (1873-1957). அப்போது அங்கே எல்லாரும் ஜெர்மன் மொழிக் கதை படித்தார்களாம். நம்ம மொழியிலேயே விறுவிறுப்பாக எழுதுன்னு ஒரு பிஷப் தூண்ட, காதலும் சூனியக்காரி வழக்குமாகத் தொடர்கதை எழுதினார். இவரும் 1903-ல் சிறை போனவர்தான்!

அயர்லாந்தில் கதை வேறு மாதிரி. லேடி மார்கன் 1806-ல் எழுதிய நாவலில் நாடிழந்த ஐரிஷ் பிரபுவின் மகளை ஒரு ஆங்கிலேயன் மணக்கிறான். 1801-ல்தான் இரண்டு நாட்டையும் சட்டப்படி இணைத்திருந்தார்கள். ஆக, பொண்ணு அயர்லாந்து, மாப்பிள்ளை இங்கிலாந்து! நாட்டைப் பொண்ணா ஆக்கிட்டா, அவளுக்கு என்ன வேணும்னு கேக்கிறதை மறந்துடுவாங்க போல.

கல்கி நூல்கள் நாட்டுடைமை ஆனவை, மலிவுப் பதிப்பு கிடைக்கும். வை.மு.கோ. நாவல்களைத் தேடித்தான் பிடிக்கணும். யார் வீட்டுப் பரணிலாவது பழைய 'ஜகன்மோகினி' இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. எங்கிட்ட குடுங்க, படிச்சிட்டு அட்டை போட்டுத் திருப்பித் தர்றேன்.

- 11-ஆம் வகுப்பு மாணவி, அத்திப்பட்டு